மூன்று நாள் நிற்கும் சார்ஜ்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

காலையில் நாலு தடவை போன் போட்டேன், மத்தியானம் இரண்டு தடவை. ஆறு தடவையும் அவள்தான் எடுத்தாள். "நிங்கள் விளிக்குன்ன நம்பர் இப்போள் சுவிச் ஓஃப் ஆணு." மலையாளத்துக்காரி. பதிவு பண்ணி வைத்த குரல் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் வயிறு எரிகிறது. என் புருசன் குரலைவிட இவள் குரலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

அவருக்குக் கேரளத்தில், பூப்பாறைக்கு அங்கிட்டு ஒரு எஸ்டேட்டில் சோலி. ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளணும், காயைக் கிளறிவிடணும். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை போடிக்கு இறங்குவார். நான் இங்கே குடோனில் அதே ஏலக்காயைப் பெரிசு, சிறிசு, வெடிச்சது என்று பிரிக்கிறேன். அவர் காயவைத்த காய்கூட என் கைக்கு வந்திருக்கும். அவர் பேச்சு மட்டும் வராது.

இந்த டைரி புதுவருசத்துக்குக் குடோனில் கொடுத்தது. ஏழு மாதம் பீரோவில் கிடந்தது. யாரையாவது திட்டாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது, எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றும் அவள்தான்.

ஆகஸ்ட் 9, சனி

வந்தார். பையை வைத்ததும் கேட்டேன். ஒரு வாரமா எங்க போச்சு உன் போன்?

"சார்ஜ் நிக்கல புள்ள."

பதினோரு வருசமாக இதே பதில். போன் மாறியிருக்கிறது, பதில் மாறவில்லை. கேட்டால், அங்கே கரண்டு கம்பியில் மரம் விழுந்துவிடுகிறதாம். இருக்கிற சார்ஜையும் போன் டவர் தேடித் தேடியே தின்றுவிடுகிறதாம். டவரைத் தேடுகிற போன் இருக்கிறது, பெண்டாட்டியைத் தேடுகிற ஆள்தான் இல்லை என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். எப்போதும் அதுதான். நான் கத்தணும், அவர் குளிக்கணும்.

போன நவம்பரை நான் மறக்கமாட்டேன். தேனி ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுக்கணும் என்று திடீரென்று சொன்னார்கள். புருசன் எங்கே என்று நர்சு கேட்கிறாள். போட்டுப் போட்டுப் பார்க்கிறோம், அந்த மலையாளத்துக்காரி. கடைசியில் இவரோட அக்கா, மொக்கம்மாள் மதினி, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன். மூணாம் நாள் வந்து நிற்கிறார், சேறும் சகதியுமாக. சார்ஜ் இல்லையாம். ஜீப்பும் கிடைக்காமல் மழையில் போடி மெட்டு வரைக்கும் நடந்தே வந்தாராம். கதை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு நிஜமாகவே சார்ஜ் இல்லையா, இல்லை இந்த ஆள் போனை அமத்தி வைத்திருந்தானா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போன் வாங்கிவிட்டேன். என் சேமிப்பில், என் கோபத்தில்.

கடைக்காரப் பையன் ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். பேட்டரி ஏழாயிரமாம். "மூணு நாள் நிக்கும்க்கா. சும்மா வச்சிருந்தா நாலு நாளு." அது போதும் என்றேன். கேமரா பாருங்க, கலர் பாருங்க என்று இழுத்தான். கேமராவில் இவரைப் பார்த்து நான் என்ன செய்யப்போகிறேன்?

இவரோட பழைய போனுக்கு அவன் சொன்ன விலையில் ஒரு கிலோ ஏலக்காய்கூட வராது. அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். புதுசை இவர் கையில் கொடுத்து, "இனி என்ன காரணம் சொல்லுவன்னு பாக்குறேன்" என்றேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதுக்குப் புள்ள இம்புட்டு" என்றார். சந்தோசப்பட்டது மாதிரிதான் இருந்தது. நடிக்கவும் தெரியும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எடுக்கிறார். முதல் மணியிலேயே எடுக்கிறார்.

எடுத்தால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டீங்களா. சாப்டேன். மழையா. மழைதான். அப்புறம் இரண்டு பேரும் மூச்சு விடுவது கேட்கிறது. அந்த நேரத்தில் எனக்கு நவம்பர் ஞாபகம் வந்துவிடுகிறது, கத்திவிடுகிறேன். அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "வைக்கட்டா புள்ள, அடுப்பு அணையப் போகுது."

மூன்று நாள் நிற்கிறதா என்று கேட்டேன். "கீழதான் மூணு நாளு. இங்க ஒன்றர நாள் நிக்கிது. அதுவே பெருசு" என்றார். போனுக்கும் மேல கீழ தெரியுதாக்கும் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பழைய போனில் என் சிம்மைப் போட்டுக்கொண்டேன். என் பட்டன் போனில் எழுத்து அழிந்துவிட்டது. மகள் பவித்ரா தேனி ஹாஸ்டலில் இருந்து சொல்லச் சொல்ல வாட்ஸப் ஏற்றினேன். அம்மா என்ற மரியாதை கிடையாது, "அதில்லம்மா, அதில்லம்மா" என்று டீச்சர் மாதிரி அதட்டுகிறாள். சாயந்தரம் ஆறு மணிக்கு நூறு சதம். வயரைப் பிடுங்கினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாயந்தரம் ஆறு மணி. நாற்பத்தொன்று.

இரண்டு நாள். இரண்டு முழு நாள். பவித்ராவிடம் பேசினேன், வீடியோ பார்த்தேன், குடோனில் என்கூடக் காய் பிரிக்கிற பேச்சி வாங்கி அவள் தங்கச்சியோடு அரைமணி நேரம் பேசினாள். இன்னும் நாற்பத்தொன்று.

சார்ஜ் நிக்காத போன் இதுதானா?

பேச்சியிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஆம்பளைக சொல்றது" என்று காயைப் பிரிக்கப் போய்விட்டாள். அவளுக்கு அது அவ்வளவுதான். எனக்குப் பதினோரு வருசம். எனக்கு ஆஸ்பத்திரி வாசல். இந்த ஆள் தெரிந்தே அமத்தி வைத்திருக்கிறான். நான் செத்தேனா இருக்கேனான்னுகூடத் தெரிய வேண்டாம்னு, அமத்தி வச்சுட்டு, அடுப்புப் பக்கத்துல சூடா உக்காந்திருக்கான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அனுப்பிவிட்டேன். வாய்ஸ் மெசேஜ். மைக்கைப் பிடித்துக்கொண்டே நாலு நிமிசம் பேசினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. கடைசியில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "இனி இந்த வாசல்ல கால் வைக்காத. நான் செத்தாலும் கொள்ளி போட வராத. யாராச்சும் போட்டுக்கிருவாங்கெ."

அனுப்பியதும் பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று அவர் வர வேண்டிய சனிக்கிழமை. வரவில்லை. இன்றைக்கு மதினி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"என்னடி பேசி அனுப்புன எந்தம்பிக்கு? அவனுக்கு அந்தப் போன்ல எது சின்னதா கேக்கும், எது பெருசா கேக்கும்னு என்ன தெரியும்? அமுக்கியிருக்கான். ஸ்டோர் முழுக்கக் கேட்டிருக்கு. அம்புட்டுப் பொம்பளைகளும் நின்னு கேட்டிருக்காளுக. கொள்ளி போட வராதன்னு சொன்னியாமே."

சொன்னேன் என்றேன். பழைய போனை எடுத்து நீட்டினேன். இதுல சார்ஜ் ரெண்டு நாள் நிக்கிது மதினி, உங்க தம்பி ஏன் நிக்கலன்னார்? கேளுங்க.

மதினி போனைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு ஒனக்குக் கையெழுத்துப் போட்டவ நானு. அதுக்காகச் சொல்றேன், நீ பேசுனது தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பிக்குப் பரிந்து பேசாத அக்கா எந்த ஊரில் இருக்கிறாள்?

செப்டம்பர் 6, சனி

இரண்டாவது தடவையாக வரவில்லை. வாசலில் கால் வைக்காதே என்றேன். ஆயுசில் என் பேச்சில் இதை ஒன்றைத்தான் கேட்டிருக்கிறார்.

செப்டம்பர் 13, சனி

குடோனுக்குத் திங்கட்கிழமை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நேரில் போகப் போகிறேன். நூறு சதம் ஏற்றிக்கொண்டு போய், அவர் சோலி பார்க்கிற இடத்திலேயே, அத்தனை பேர் முன்னாடியும் இந்தப் போனை எடுத்து நீட்டணும். பாருங்கடி, சார்ஜ் நிக்குதா நிக்கலையா. ஸ்டோர் முழுக்க என் பேச்சைக் கேட்டதல்லவா, இதையும் பார்க்கட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

விடிந்ததும் கூலிக்குப் போகும் பொம்பளைகளோடு ஜீப்பில் ஏறினேன். மலைக்குப் போய்ப் பதினெட்டு வருசம் ஆகிறது. அப்போது எங்கள் யாரிடமும் போன் கிடையாது. நூறு சதத்தோடு இடுப்பில் செருகிக்கொண்டேன். ஜீப்பு ஓட்டுகிற பால்ராஜ் திரும்பிப் பார்த்து, "மெட்டு தாண்டுனா போன அமத்திருங்கக்கா. டவர் தேடியே செத்துரும்" என்றான். இவனுக்கும் இவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அமத்தவில்லை.

மலையடிவாரம், முந்தல் வரைக்கும் தொண்ணூற்றெட்டு. வளைவு ஏற ஏற டவர் கோடு ஒன்று வரும், போகும். மெட்டில் கேரளத்துக்கு வரவேற்கிறோம் என்று ஒரு மெசேஜ். அடுத்த வளைவில் தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறோம். மறுபடி கேரளம். எண்பது. இடுப்பில் சூடாக இருந்தது. போன் சூடு என்று அப்போது தெரியவில்லை, என் கோபம் என்றுதான் நினைத்தேன். எஸ்டேட்டில் இறங்கும்போது அறுபத்திரண்டு. எடுத்துப் பார்த்தேன், திரும்பப் பார்த்தேன். யாரிடமும் பேசவில்லை, எதுவும் திறக்கவில்லை.

அவர் விறகு லோடு ஏற்ற அடுத்த தோட்டத்துக்குப் போயிருந்தார். மத்தியானம்தான் வருவார் என்றார்கள். ஸ்டோர் வாசலில் உட்கார்ந்தேன். மழை. "சுருளி எப்ப வருவார்" என்று இவர் பேரைச் சொல்லி நான் வாயைத் திறந்ததும், காய் கொட்டிக்கொண்டிருந்த ஒருத்தி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு என் முகம் தெரியாது. குரல் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குக் காது சுட்டது.

முப்பத்தெட்டு. பதினேழு.

கொஞ்ச நேரம் கழித்து அவளே காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "போன கார்த்திகையில ஆபரேசன் பண்ணுன அக்கா நீங்கதான? அப்ப ஒரு வாரமாக் கரண்டு இல்ல இங்க. கீழ என்ன நடக்குதுன்னு தெரியாமலே அண்ணே போனத் தூக்கிக்கிட்டுப் பாறை பாறையா ஏறுவாரு. சேதி கெடச்ச அன்னிக்கு அடுப்ப என்கிட்ட விட்டுட்டு ஓடுனாரு. ஜீப்பு வரும், இருங்கண்ணேன்னு சொன்னோம். கேக்கல, மழையிலயே நடந்துட்டாரு."

காப்பியைக் குடித்தேன். என்ன ருசி என்று தெரியவில்லை.

அவர் வந்தார். நனைந்திருந்தார், இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் இடுப்பில் இருந்து போனை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. காலையில் இருந்து அதற்காகவே வந்ததால் கை எடுத்துவிட்டது. பொத்தானை அமுக்கினேன். கருப்பு. இன்னொரு தடவை அமுக்கினேன்.

"சார்ஜ் இல்லையா?" என்றார்.

குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு அடுப்புக்கு விறகு தள்ளப் போனார். நான் வாங்கிக் கொடுத்த போன் ஜன்னலோரம் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்கியது. ஒரு கீறல் இல்லை.

தப்பாப் பேசிட்டேன்னு அங்கேயே சொல்லியிருக்கணும். அத்தனை பேர் கேட்கத் திட்டத் தெரிந்த வாய்க்கு, அத்தனை பேர் முன்னாடி இதைச் சொல்ல வரவில்லை. "சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்டேன். "சாப்டேன். மழை கூடுறதுக்குள்ள வெரசாக் கெளம்பு, ஜீப்பு போயிரும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது எஸ்டேட்டில் இருந்து மெட்டு வரைக்கும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஜீப்பே முக்கி முக்கி ஏறுகிறது. தீரவே மாட்டேன் என்கிறது அந்த ரோடு.

வீட்டுக்கு வந்து வயரில் போட்டு உயிர் வந்ததும் பவித்ரா. "எங்கம்மா போய்த் தொலைஞ்ச? காலைல இருந்து சுவிச் ஆஃப், சுவிச் ஆஃப். எனக்கு உசிரே போச்சு."

சார்ஜ் இல்லடி என்றேன்.

"ரெண்டு நாள் நிக்கிதுன்னு நீதான ஊரெல்லாம் சொன்ன? வேற எதாச்சும் சொல்லும்மா."

செப்டம்பர் 16, செவ்வாய்

வாய்ஸ் மெசேஜில் சொல்லலாம் என்று மைக்கைப் பிடித்தேன். ஸ்டோர் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் பிடித்தேன். "நான் சொன்னது" வரைக்கும் வந்தது. அழித்துவிட்டேன். மறுபடி பிடித்தேன். எட்டு தடவை.

செப்டம்பர் 18, வியாழன்

அனுப்பிவிட்டேன். பதினோரு செகண்டு. "தப்பு எம்மேலதான். நீங்க நெசம்தான் சொல்லியிருக்கீங்க. வீட்டுக்கு வாங்க." இரண்டு நீலக் கோடு வந்தது. கேட்டுவிட்டார்.

செப்டம்பர் 20, சனி

வரவில்லை.

அக்டோபர் 4, சனி

கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவருக்குப் பிடிக்கும். கடைசி ஜீப்பும் போடிக்கு வந்துவிட்டது, பால்ராஜிடம் கேட்டேன். "அண்ணே ஏறலக்கா" என்றான்.

காலையில் ஒரு தடவை போட்டேன், மத்தியானம் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. அந்த மலையாளத்துக்காரி வரவில்லை. மூன்று தடவையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது.

சார்ஜ் இருக்கிறது.