எழுதாமல் விட்ட வரி

கண்டி
7 மார்ச் 1935

கர்த்தருக்குள் பிரியமான என் கணவர் அவர்களுக்கு, சற்குணம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நேற்று சாம்பல் புதன் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: ஐயரம்மா, சொர்ணம் டீச்சர், மணியடிக்கிற கறுப்பையாவின் மனைவி, நான், என் மடியில் நம் கிருபை. அவ்வளவுதான். போன வருஷம் பாய் போதாமல் வெறுந்தரையில் உட்கார்ந்தோம். வராதவர்களைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் வந்துவிடுமே என்ற பயம். கோயில் மணியும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். சாவுக்கு அடிக்க வேண்டாம் என்று பாதிரி ஐயர் சொல்லிவிட்டார். காய்ச்சலில் கிடப்பவர்கள் அதை எண்ணிக்கொண்டே கிடக்கிறார்களாம்.

வழக்கம்போல, உயிர்த்தெழுந்த பண்டிகை வரை ஆளுக்கு ஒன்றை விடுவதாக மனதுக்குள் நேர்ந்துகொண்டோம். பண்டிகை வரை அதை யாருக்கும் சொல்லக் கூடாது, புருஷனுக்கும்கூட. "இறைச்சிய விடுறேன், கோப்பிய விடுறேன்னு வராதீங்க. நாக்குதான் அழும். மனசு எதுக்கு அழுவுதோ அத விடுங்க" என்றார் ஐயரம்மா. "அப்ப நான் எங்க வீட்டு ஆம்பளையத்தான் விடணும்" என்று டீச்சர் என் காதில் சொன்னாள். சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கிருபைக்குச் சுகம். மாலையில் வேப்பிலைப் புகை போடுகிறேன். வேதத்தைப் பார்த்து எழுதப் படித்த கை, பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

இப்படிக்கு,
சற்குணம்


கம்பளைக்கு அப்பால், தேயிலைத் தோட்டத்திலிருந்து
14 மார்ச் 1935

பிரியமுள்ள சற்குணத்துக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கடிதங்களில் கடைசியாக எப்போதும் ஒரு வரி இருக்கும், "வீட்டுக்கு வந்துவிடுங்கள்" என்று. இதில் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன். நீ தைரியப்பட்டுவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷம்தான்.

உபதேசியாராக வந்தவன் நான். இப்போது பிரசங்கம் இல்லை. மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினாப் போத்தலும் கரண்டியுமாக, கூலிக்காரர் குடியிருக்கும் லயம் லயமாகப் போகிறேன். மழையில்லாமல் ஆறு குட்டை குட்டையாகத் தேங்கிவிட்டது, குட்டை நிறையக் கொசு. மருந்து போதவில்லை. டிஸ்பென்சர் தியாகராஜா என்னைக் கண்டால், "உபதேசியாரே, ஜெபம் நீங்க பண்ணுங்க, மருந்துக்குத் தண்ணி நான் ஊத்துறேன்" என்கிறார். அவர் சிரிப்பதில்லை.

நானும் ஒன்றை விட்டிருக்கிறேன். மகா கசப்பானது, அதனால் விடுவது சுலபம். முன்பு இருந்த காது இரைச்சலும் நின்றுவிட்டது. சாயங்காலம் ஆற்றுச் சத்தம் நன்றாகக் கேட்கிறது.

கிருபைக்கு என் முத்தம்.

உன் புருஷன்,
வேதமாணிக்கம்


கண்டி
23 மார்ச் 1935

பிரியமான என் கணவர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து ஒரு விஷயம் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஸுலைஹா ராத்தாவின் புருஷனுக்குக் காய்ச்சல். கொயினா குடிக்கிறார். "காதுக்குள்ள வண்டு ஊதுது எண்டு பெரிய கரைச்சல். நான் செல்றது மட்டும் முந்தியே கேக்காது, இப்ப நல்ல சாட்டு" என்று ராத்தா சொன்னாள். எனக்குச் சுரீரென்றது. மருந்து குடித்தால் காது இரையும். உங்களுக்கு இரைச்சல் நின்றுவிட்டது. ஏன் நின்றது?

நான் ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. உபவாசக் காலம், அவர் ஏதோ கசப்பானதை விட்டிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். "எங்கட நோன்புலயும் சுகமில்லாதவனுக்குச் சலுகை ஈக்கிது தங்கச்சி. மருந்துக்கு நோன்பு பிடிக்கச் செல்லி எந்த வேதத்துல ஈக்கிது?" என்றாள்.

தபால்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பினால் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறேன். அவர் தாண்டிப் போன பிறகுதான் வெளியே வருகிறேன். "அப்பா எப்ப வருவாரு?" என்று கிருபை கேட்டால், "ஆண்டவர் சொல்லும்போது" என்கிறேன். இந்தக் கடிதத்தின் முடிவில் எழுத ஒன்று இருக்கிறது. பேனாவை மூன்று தரம் வைத்து எடுத்தேன். நேர்ந்துகொண்டவள், எழுதமாட்டேன்.

காதைப் பற்றி மட்டும் உண்மையை எழுதுங்கள்.

சற்குணம்


தோட்டத்திலிருந்து
1 ஏப்ரல் 1935

சற்குணம்,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. நான் சொல்ல, டிஸ்பென்சர் தியாகராஜா எழுதுகிறார். காய்ச்சல் குளிர் வரும்போது பேனா நிற்கமாட்டேன் என்கிறது.

நீ நினைத்தது சரி. தினமும் எங்களுக்கென்று கொடுக்கிற கொயினாவை நான் குடிக்கவில்லை. லயத்து இருளப்பன் வீட்டுப் பிள்ளைகள் இரண்டுக்கும் ஊற்றினேன். ஒன்று பிழைத்து, வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறது. மற்றது போய்விட்டது. தன்னைத்தான் வெறுத்துச் சிலுவையை எடுக்கச் சொல்கிறதே வேதம், வெறுக்கிறதென்றால் முழுவதும் வெறுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதமே உடம்பு தளர்ந்துவிட்டது. நானாகத் திரும்பினால் ஓடிவந்தவன் ஆவேன். சற்குணம் கூப்பிட்டால் போகலாம், அதில் வெட்கமில்லை என்று இருந்தேன். அந்த ஒரு வரியைத்தான் தேடினேன். இரண்டு கடிதத்திலும் இல்லை. தங்கியிரு என்று ஆண்டவர் சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

எழுதுகிறவர் என்னைத் திட்டிக்கொண்டே எழுதுகிறார். போதும்.

வேதமாணிக்கம்


கண்டி
3 ஏப்ரல் 1935

என் பிரியமானவருக்கு,

நான் விட்டது அந்த வரியைத்தான். "வீட்டுக்கு வந்துவிடுங்கள்" என்று எழுதுவதைத்தான் நேர்ந்து விட்டேன். மனசு அழுதது அதற்குத்தான். ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஒவ்வொரு இரவும் முழங்காலில் இருந்தேன். நான் கொடுத்தது என்னுடையதல்ல, உங்களுடையது. எனக்கு இப்போது பசி இல்லை, தூக்கம் இல்லை, ஜெபம்கூடப் பாதியில் நின்றுவிடுகிறது.

ஐயரம்மாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பண்டிகைக்கு முன்னே வாய் திறந்துவிட்டேனே என்றேன். அவர் என்னைக் கண்டிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் சொன்னத நீ இப்படியா எடுத்துக்கிட்ட?" என்றார்.

சிலுவையை அனுதினமும் எடுக்கச் சொன்னார் நம் ஆண்டவர். அனுதினமும் என்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதல்ல என்று இப்போது புரிகிறது. நாளைக்கும் எடுக்க ஆள் இருக்க வேண்டும். காலையில் எழுந்து அந்தக் கசப்பைக் குடியுங்கள். மறுநாளும் குடியுங்கள். அதுவே உங்களுக்குச் சிலுவையாக இருக்கட்டும். எனக்கு, வெட்கத்தை விட்டு உங்களைக் கேட்பது.

கேட்கிறேன். வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

தபாலை நம்பவில்லை. ஸுலைஹா ராத்தாவின் தம்பி ஷிராஸ் கம்பளைக்கு லொறி ஓட்டுகிறான். இந்தக் கடிதமும் ஒரு போத்தல் கொயினாவும் அவன் கையில் வருகின்றன. லயத்துப் பிள்ளைகளுக்கென்று வேறு போத்தலும் கூடவே வருகிறது, உங்களுடையதை யாருக்கும் ஊற்றாதீர்கள். லொறியில் படுத்து வரும்படி வைக்கோலும் போர்வையும் போட்டிருக்கிறது. வர முடியாத நிலை என்றால் அடுத்த நடையில் நான் வருவேன். கிருபையை ஐயரம்மா பார்த்துக்கொள்வார்.

ஷிராஸ் தோட்டம்வரை வந்து உங்கள் வாசலில் நிற்பான். எழுதக் கை வராவிட்டால் அவனிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் தாருங்கள்.

சற்குணம்