வாடியடியைப் பின்தொடர்பவர்

மார்ச் 3, திங்கள்

இன்று ஒன்பது மரண அறிவித்தல் ஏற்றினேன். முன்பெல்லாம் செத்தவரின் வயதைப் பார்ப்பேன். இப்போது அதுவும் இல்லை.

வெளிநாட்டிலிருக்கும் முதலாளி எங்கள் இணையத்தளத்துக்குப் புதிதாக ஒரு ஏஐ உதவியாளைத் தந்திருக்கிறார். தமிழில் எழுதினால் அதுவே வேலையைச் செய்யுமாம். முதல் வேலை, தேவையற்ற குறிச்சொற்களை நீக்குவது. ஒவ்வொரு அறிவித்தலுக்கும் செத்தவரின் ஊரைக் குறிச்சொல்லாகப் போடுகிறோம். அந்த ஊரைப் பின்தொடர்பவர்களின் போனுக்குச் செய்தி தானாகப் போகும். ஒட்டுசுட்டான் என்ற ஒரே ஊரையே ஐந்து விதமாக எழுதி வைத்திருக்கிறோம். வெள்ளிக்குள் துப்புரவாக்க வேண்டுமாம்.

அம்மாவுக்குக் கால் வீக்கம் குறையவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பக்கத்து மேசைத் தயாபரன் அண்ணைக்குப் பொறுமை கிடையாது. ‘பத்து அறிவித்தலுக்குக் குறைந்த குறிச்சொல் எல்லாவற்றையும் அழி’ என்று உதவியாளுக்கு எழுதிவிட்டார். நல்லகாலம், அது அழிக்கவில்லை. பட்டியலைக் காட்டி, எதை நீக்கினால் எத்தனை பேருக்குச் செய்தி போகாமல் விடும் என்று சொன்னது. அழித்தால் திரும்ப எடுக்க முடியாது என்றும் சொன்னது.

கடைசியில் இருந்தது:

வாடியடி. அறிவித்தல் 1. பின்தொடர்பவர் 1.

வாடியடி எங்கள் ஊர், கடற்கரை. ஆறு வீடு. முல்லைத்தீவில் கேட்டாலே பலருக்குத் தெரியாது. அந்த ஓர் அறிவித்தல் என் அப்பா அருளப்புவுடையது.

“ஒருத்தர்தானே. அறிவித்தலை முல்லைத்தீவுக்கு மாத்திப்போட்டு அழியுங்கோ, தங்கச்சி” என்றார் தயாபரன் அண்ணை. அறிவித்தலை மாற்றலாம், பின்தொடர்பவரை மாற்ற முடியாது என்றது உதவியாள்.

நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

மார்ச் 5, புதன்

யார் அது என்று உதவியாளைக் கேட்டேன். பெயர் தராதாம். நாட்டை மட்டும் சொன்னது. இத்தாலி.

என் அண்ணா அனிஸ்ரன். வேறு யார்? மற்ற ஐந்து வீட்டிலும் இத்தாலிக்குப் போனவர் எவருமில்லை.

அப்பாவோடு கோபித்துக்கொண்டு போனவர். செத்த வீட்டுக்கும் போன் எடுத்துக் கதைக்கவில்லை. நம்பரையும் மாற்றிவிட்டார். அந்தக் கோபத்தில் அம்மா அறிவித்தலில் அவருடைய பெயரைப் போட விடவில்லை. ‘அன்புத் தந்தையும்’ என்பதற்கு முன்னால் ஜெயரூபினி என்று என் பெயர் மட்டும்தான். அப்பாவுக்கு ஒரே பிள்ளை போல.

அதை வாசித்த பிறகும் பின்தொடர்கிறார் என்றால், எதற்கு? அம்மா செத்தால் அறிய அவருக்கு வேறு வழியில்லை. அதை நான் வெள்ளிக்கிழமை அழிக்க வேண்டும்.

அழுகை வந்தது என்று எழுதினால் பொய். ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணி குடித்தேன்.

மார்ச் 6, வியாழன்

ஞாயிறு அப்பாவின் ஆறாம் ஆண்டு. பூசைக்குச் சொல்லியாயிற்று. நினைவஞ்சலி அறிவித்தல் போடப்போகிறேன், அண்ணாவின் பெயரையும் போடவா என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா அடுப்பை விட்டுவந்து குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போட்டா, அவன் பாப்பானோ?”

“வாடியடியை ஒருத்தர் பாத்துக்கொண்டு இருக்கிறார், அம்மா. இத்தாலியில.”

“மூத்தவன்ரை பேர் முதல்ல வரவேணும்” என்றுவிட்டு உள்ளே போனார்.

மார்ச் 7, வெள்ளி

ஏற்றினேன். அனிஸ்ரன், ஜெயரூபினி. ‘ஒருவருக்கு அனுப்பப்பட்டது’ என்று வந்தது. குறிச்சொல்லை நீக்கத் திங்கள் வரை தவணை கேட்டு முதலாளிக்கு எழுதினேன்.

பஸ் தண்ணீரூற்றுச் சந்திக்கு வரும்போது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

“அம்மாவோ?”

அவ்வளவுதான் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. எங்கள் செய்தியில் ஊரும் தொடர்பு நம்பரும் மட்டும்தான் போகும், செத்தது ஆர் என்றோ நினைவஞ்சலி என்றோ போகாது. எத்தனை ஆயிரம் அனுப்பியிருப்பேன். இதை யோசிக்கவில்லையே, விசரி.

“இல்லை அண்ணா. அம்மா வீட்டில இருக்கிறா. இது அப்பாவின்ரை ஆண்டு.”

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. வீட்டுக்குப் போய் அழைப்பு எடுக்கிறேன் என்றேன்.

வீட்டில் போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

“உன்ரை பேரை விட்டது நான்தான். அவளில்லை” என்றுதான் அம்மா தொடங்கினார். நான் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை. அம்மா நடந்தே வந்தார்.

மார்ச் 10, திங்கள்

வாடியடி. அறிவித்தல் 2. பின்தொடர்பவர் 0.

அண்ணா தானாகவே விலகியிருக்கிறார். இரண்டு அறிவித்தலையும் முல்லைத்தீவுக்கு மாற்றச் சொன்னேன். இனி நீக்கினால் எவருக்கும் செய்தி தவறாது, நீக்கவா என்று உதவியாள் கேட்டது. ஓம் என்று எழுதினேன்.

மார்ச் 12, புதன்

மத்தியானம், அம்மா மருந்து எடுத்தாரா என்று கேட்க அவருடைய போனுக்கு அழைத்தேன். வேறு அழைப்பில் இருந்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து திரும்ப எடுத்தேன். இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார். போன கிழமை வரை அந்தப் போனுக்கு எடுக்க என்னைத் தவிர எவருமில்லை.

மேசையில் தலையை வைத்து அழுதேன். விம்மல் நிற்கவேயில்லை.

தயாபரன் அண்ணை கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

“என்ன தங்கச்சி, ஆர் செத்தது?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை.”