மேலிருந்து பார்த்த திசை

என்னங்க,

நான் நல்ல சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை தைலம் தேய்த்துவிடுகிறார்களா?

போன வாரம் என் காருக்குச் சைலன்சர் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு போல்ட் துருவேறி இறுகிக் கிடந்தது. இங்குள்ள நம்மூர் மெக்கானிக், "வெட்டித்தாம்மா எடுக்கணும்" என்று கைவிரித்துவிட்டார். உங்கள் பெண்டாட்டி விடுவாளா? எண்ணெய் விட்டு ஊறவைத்து, காருக்கு அடியில் படுத்து இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அது அசையவே இல்லை.

மூன்றாம் நாள்தான் உறைத்தது. நீங்கள் அடியில் படுத்துக் கழற்றும்போதெல்லாம் பானெட்டைத் திறந்து மேலிருந்து டார்ச் பிடித்தவள் நான். மேலிருந்து பார்த்த திசையிலேயே கீழிருந்தும் திருப்பி, இரண்டு நாளும் அதை இறுக்கியிருக்கிறேன்! மாற்றித் திருப்பினேன், கிரீச்சென்று கத்திக்கொண்டே கழன்றது. விரலில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான்.

வாயில் கவ்விய டார்ச் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. "நேராப் பிடிடி" என்று அதட்டத்தான் ஆளில்லை.

உங்கள் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை அனுப்பிவையுங்கள். தலையில் மாட்டும் டார்ச்சும் ஒன்று... வேண்டாம், இருக்கட்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது, வண்டி வாசலில் உறுமுகிறது. விசா வந்ததும் கிளம்பி வாருங்கள். அடுத்த போல்ட்டுக்கு நீங்கள் டார்ச் பிடியுங்கள், நான் அதட்டுகிறேன்.

கிரீஸ் கையோடு,
உங்கள் வீட்டுக்காரி