நிலாவைப் பற்றி மூன்று பக்கம்

2025 மே 6, செவ்வாய்

பொம்மிடியில் வெயில். பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை மின்சாரம் இல்லை. காலையில் தோசை தீய்ந்தது, காரணம் அமெரிக்கா.

தட்டை வைக்கப் போனபோது தம்பி சவுரியப்பன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாருக்கா, நெலாவுல கொடி ஆடுது. காத்தே இல்லாத எடத்துல எப்படி ஆடும்? அல்லாம் செட்டு போட்டு எடுத்திருக்கானுங்க."

முப்பத்துமூன்று ஆண்டுகள் அரசு மகளிர் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவள் அடுப்பை மறந்தாள். கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி உண்டு. ஊன்றும்போது கையால் அசைத்தார்கள். தடுக்கக் காற்று இல்லாததால் அந்த அசைவு அடங்க நேரமாகும். எல்லாம் சொன்னேன்.

"நல்லாத்தான் பேசற" என்றான். எழுபத்தொரு வயது, முப்பத்தாறு ஆண்டுகள் ரயில்வே கேட்டில் பச்சையும் சிவப்பும் பிடித்தவன். கொடியைப் பற்றி அவனுக்கு யார் சொல்லித் தர முடியும்?

மே 9

அவனுடைய இடது காலில், சுண்டுவிரலடியில் இருக்கும் புண் ஆறவில்லை. புனித வெள்ளியன்று சிலுவைப்பாதைக்கு ஊரோடு சேர்ந்து வெறுங்காலில் தார்ச்சாலையில் நடந்தான். செருப்போடு போ, இருபது வருடச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி இல்லை என்று சொன்னேன். "ஆண்டவரு செருப்பு போட்டா நடந்தாரு?" என்றான். கொப்புளம் வெடித்தது அவனுக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் தரையில் ஈரச்சுவடு பார்த்து நான்தான் சொன்னேன்.

மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணிப்பெண் யுவராணி கட்டுப் போட்டுவிட்டுப் போகிறாள். அவள் படி இறங்குவதற்குள் இவன் அவிழ்த்துவிடுகிறான். காற்றாட வேண்டுமாம்.

மே 18, ஞாயிறு

அவன் மகள் அன்பரசி ஓசூரிலிருந்து பேசினாள். ஞாயிறுதோறும் பேசுவாள். தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அடுத்த சில மாதங்களில் வேலை நிரந்தரமாகும் என்று நம்புகிறாள். சவுரி எதிரே நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். கால் விஷயம் தெரிந்தால் விடுப்புப் போட்டு வந்து நிற்பாளாம், வேலை கெடுமாம்.

"அப்பா எப்படி இருக்காங்க அத்தை?"

"நலம்" என்றேன். ஒரு சொல்தானே.

மே 30

மாத்திரைகளைக் கண்டுபிடித்தேன். முருங்கை மரத்தடியில், மண்ணுக்குள், பதினெட்டு. மரம் நன்றாகத்தான் இருக்கிறது.

கேட்டதற்கு மறைக்கவில்லை. காலையும் மாலையும் ஆவாரம்பூ கொதிக்கவைத்துக் குடிக்கிறானே, அது போதுமாம். "நெலாவையே வச்சு ஒலகத்தை ஏமாத்துனவங்க, சர்க்கரைய வச்சு என்னை ஏமாத்த மாட்டாங்களா?"

ஆக, இதுதான் பாதை. கொடியில் தொடங்கியது காலில் வந்து முடிகிறது. இதை ஒரு விளையாட்டு என்று நினைத்து மூன்று வாரம் வாதாடிக்கொண்டிருந்தேன். முட்டாள். எம்.எஸ்சி. முட்டாள்.

ஜூன் 8

இன்று வாதங்களைத் தயாரித்துக்கொண்டு உட்கார்ந்தேன், பாடத்திட்டம் எழுதுவதுபோல. நிழல்கள், விண்மீன்கள் படத்தில் விழாதது, இன்றும் பூமியிலிருந்து அனுப்பும் ஒளியைத் திருப்பி அனுப்புகிற, அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள். ரஷ்யா அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருக்குமா என்றும் கேட்டேன்.

"கல்லு கொண்டாந்தாங்களாமே. நீ தொட்டுப் பாத்தியா?"

"இல்லை."

"அந்தக் கண்ணாடிய?"

"இல்லை."

"அப்ப ஒனக்கும் எவனோ சொன்னதுதான். எனக்கும் எவனோ சொன்னதுதான். ஒன் ஆளு இங்கிலீசுல சொன்னான், அவ்வளவுதாங்க்கா."

மறுக்கத் தெரியும். ஆனால் நான் மறுக்க மறுக்க அவன் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்கிறான். இதை இன்று கண்ணால் பார்த்தேன். பேச்சு முடிந்ததும் கட்டைப் பிரித்தெறிந்தான். நிலாவில் நான் ஜெயிக்கும் ஒவ்வொரு முறையும் தரையில் தோற்கிறேன்.

ஜூன் 15

அன்பரசியிடம் "நலம்".

ஜூன் 29

மீண்டும். இப்போது அவன் கையை ஆட்டக்கூடத் தேவையில்லை. எனக்கே வந்துவிட்டது.

ஜூலை 4

வாடை. ஊதுவத்தி ஏற்றியிருக்கிறான். யுவராணி மூக்கைச் சுளிக்காமல் பார்த்துவிட்டு வெளியே வந்து, "டீச்சர், சுண்டுவெரலு கறுத்திருச்சுங்க. தர்மபுரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, இனி எங்கையில இல்ல" என்றாள். சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை.

"அங்க போனா அறுப்பாங்க. அறுக்கறதுக்குத்தான் ஆஸ்பத்திரி கட்டி வச்சிருக்கான்."

என் வாழ்நாளில் இரண்டாயிரம் பெண்களுக்காவது ஒரு பொருள் ஏன் விழுகிறது என்று விளங்கவைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருக்கிற ஒருவன் விழுவதைத் தடுக்க வழி தெரியவில்லை.

ஜூலை 13

எழுத ஒன்றுமில்லை. காய்ச்சல் 101. "நலம்".

ஜூலை 21, திங்கள்

இன்றைக்கு ஐம்பத்தாறு ஆண்டுகள். கடைசி ஆயுதமாக அதைத்தான் எடுத்தேன்.

"எவனோ சொன்னதில்லை சவுரி. அன்று காலை இதே ஊரில், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வானொலியில் நான் கேட்டேன். நிலாவில் கால் வைத்த செய்தி. நீ அப்போது சேலத்தில் பள்ளி விடுதியில் இருந்தாய், டைபாய்டு. மறுநாளே உனக்கு எழுதினேன். மூன்று பக்கம். உன் சொந்த அக்கா எழுதியது. அதையாவது நம்பு."

"அந்தக் கடிதாசி எங்கிட்ட இருக்குது" என்றான்.

காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனான். பழைய ரயில்வே சீருடையெல்லாம் வைத்திருக்கும் தகரப்பெட்டி. எடுத்து வந்தான். மடிப்பில் கிழிந்து, மருந்து ஒட்டும் நாடாவால் ஒட்டியிருந்தது. மூன்று பக்கத்தையும் தள்ளினான். கடைசி வரியில் விரலை வைத்துப் படித்தான், எழுத்துக் கூட்டிப் படிப்பவனைப்போல:

"அம்மா நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்."

விரலை எடுக்காமலே சொன்னான்:

"பதினாலாந்தேதி மாதா திருநாளுக்கு லீவு வுட்டாங்க. ரயில்ல எறங்குறேன். தண்ணி குடுக்கற ஆயா கேக்குது: 'ஆத்தா போயி ஒரு மாசம் ஆவப்போவுது, இப்பத்தான் வர்றியாடா?' நான் ஒங்க எல்லாருக்கும் முறுக்கு வாங்கி வச்சிருந்தேன் பையில."

அப்புறம், குரலை உயர்த்தாமல்: "ஒரே பேனா, ஒரே கையெழுத்துக்கா. இதுல எது நெசம், எது பொய்னு நான் எதை வச்சுக் கண்டுபுடிக்கறது?"

ஜூலை 22

இதை நான் எழுதியே ஆக வேண்டும். ஒழுங்காக.

அம்மா இறந்தது 1969 ஜூலை 18. மறுநாள் அடக்கம். பையன் காய்ச்சலில் கிடக்கிறான், அதிர்ச்சி தாங்கமாட்டான், தெரிவிக்காதே என்று அப்பா சொன்னார். அது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். காய்ச்சல் விட்ட பிறகும் சொல்லாதது யாருடைய முடிவு என்று தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இருபத்தொன்றாம் தேதி துக்க வீட்டிலிருந்து தப்பித்து வானொலி கேட்கப் போனேன். மகிழ்ந்தேன். அதுதான் உண்மை: புதைத்த இரண்டாம் நாள், நான் மகிழ்ந்தேன். அந்த வாரத்தில் எழுதத்தக்க விஷயங்கள் இரண்டு இருந்தன. ஒன்றை எழுதக் கூடாது என்றார்கள். மற்றதை மூன்று பக்கம் எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். செத்து நான்கு நாளானவள் சொன்னாள் என்று ஒரு வாக்கியத்தையும் கட்டி அனுப்பினேன். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம்.

ஐம்பத்தாறு ஆண்டுகளில் அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் கேட்கும் பழக்கமில்லை. ஒரு பிடி மண் போட எல்லாருக்கும் கொடுத்துவைத்தது. அவனுக்கு மட்டும் இல்லை. அதை நான் நினைத்தே பார்த்ததில்லை. இப்போதுகூட நானாக நினைக்கவில்லை, அவன் சொன்ன பிறகுதான்.

போதும். இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன்? மே மாதத்திலிருந்து? ஞாயிறுதோறும்? அய்யோ, அதே வார்த்தைதானே. அதே வார்த்தையைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்.

ஜூலை 23

காலை ஏழு மணிக்கு அன்பரசிக்குப் போன் செய்தேன். புண், விரல், காய்ச்சல், மாத்திரை, வாடை. வரிசையாகச் சொன்னேன். சவுரி கேட்டுக்கொண்டே இருந்தான். கையை ஆட்டவில்லை.

ஜூலை 24

வந்தாள். அவள் அப்பாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, காரில் ஏற்றினாள். அவனும் ஏறினான். ஏன் இன்று மறுக்கவில்லை என்று தெரியவில்லை. கேட்கவும் பயம்.

மருத்துவமனை வாசலில் என் பக்கம் திரும்பினாள். "பத்து வாரம் அத்தை. அப்பா சொல்றதை நான் எப்பவும் நம்புனதில்ல. நீங்க நலம்னு சொன்னீங்கன்னுதான் நான் அங்க நிம்மதியா வேலை பாத்துட்டு இருந்தேன்."

ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 4

இரண்டு முறை சுத்தம் செய்து பார்த்தார்கள். இன்று முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒப்புதல் தாளில் அவனே கையெழுத்துப் போட்டான். மருத்துவர் என் வயதில் மூன்றில் ஒரு பங்கு இருப்பாள். ஒரு மாதம் முன்பு வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றாள். குற்றம் சாட்டும் தொனி இல்லை. இருந்திருக்கலாம், சற்று எளிதாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 5

எடுத்த காலை நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் வாங்கிப் புதைப்பதுதான் வழக்கம். மற்ற உடம்பு பின்னால் வரும்போது ஒரே இடத்தில் சேர வேண்டும் என்று. படிவம் நிரப்பி வாங்கினேன். அட்டைப்பெட்டி. வாடகை வண்டியில் பொம்மிடி வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனம்.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் பெரியவர் மாது, அம்மாவின் கல்லறைக் கால்மாட்டில் மூன்றடி தோண்டி வைத்திருந்தார். உபதேசியார் வரவில்லை, காலுக்குத் தனியாகச் செபம் கிடையாது என்று சொல்லியனுப்பினார். பெட்டியை இறக்கிவிட்டு மாது மண்வெட்டியோடு நின்றார். தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க டீச்சர், ஆளுன்னா ஒரு புடி மண்ணு போடோணும். காலுக்குப் போடறதுங்களா, வேணாமுங்களா?"

"பாதி ஆளுதானே மாது. பாதிப் பிடி போடலாம்."

சிரித்துவிட்டார், உடனே வாயைப் பொத்திக்கொண்டார். போட்டேன். பிறகு அம்மாவின் பக்கத்திலிருந்து இன்னொரு பிடி எடுத்து மாத்திரை உறையில் கட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6

அவன் விழித்திருந்தான்.

"பொதைச்சிட்டியா?"

"புதைத்தேன்."

"எங்க?"

"அம்மாவோட கால்மாட்டுல. மூணடி. நானே நின்னு பாத்தேன்."

உறையைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். ஒன்றும் விளக்கவில்லை. விரலால் நெரித்தான், முகர்ந்தான், நாக்கில்கூட வைத்துப் பார்த்திருப்பான், அன்பரசி பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"நம்ம ஊரு செம்மண்ணுதான்" என்றான்.

அதைக் கைக்குட்டையில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான். சற்றுப் பொறுத்து, கண்ணை மூடியபடி: "நெலாவுக்கு மட்டும் எவனும் போவல. அது வேற."

இருக்கட்டும். அவர்கள் போனார்கள். போய் வந்து ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 11

காய்ச்சல் மறுபடியும். சிறுநீர் குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள். வார்டில் யாரோ மிட்டாய் கொடுத்தார்கள், சுதந்திர தினத்துக்கு.

மருத்துவர் எங்களை வெளியே அழைத்துச் சொன்னாள். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துகொண்டிருக்கின்றன. நச்சு இரத்தத்தில் ஏறிவிட்டது. இரத்தச் சுத்திகரிப்பை இதயம் தாங்காது. நாட்கள்தாம், வாரங்கள் என்று சொல்ல முடியாது.

அன்பரசி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வந்த மூன்று வாரத்தில் என்னைத் தொட்டது அப்போதுதான். "அப்பாகிட்ட சொல்லிராதீங்க அத்தை. பயந்துக்குவாங்க. நல்லா ஆயிட்டு வருதுன்னு சொல்லிருங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ள நின்றாள். நான் முன்னால் உள்ளே போனேன்.

"என்னக்கா சொன்னாங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மருத்துவர் சொன்னதை அதே வரிசையில் சொன்னேன். நாட்கள்தாம் என்பதையும்.

கேட்டுக்கொண்டான். தலையணைக்கடியில் கைவிட்டு அந்த முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

"சரிக்கா" என்றான். சான்று கேட்கவில்லை.