ரிட்டர்ன் லைனில் வால்வு வேண்டாம்

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் தல்ஹாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். கொச்சியில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தபாலையாவது பிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

நம் படகைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன். இன்ஜின் அறையில் எரிந்த பலகையெல்லாம் மாற்றியாயிற்று. டீசல் லைன்தான் பாக்கி. அதற்கு வால்வு வாங்க நேற்று பாரிமுனை போனேன். ஒரு கடைக்காரர் பிளாஸ்டிக் வால்வைக் காட்டி, தண்ணீருக்கும் இதுதான், டீசலுக்கும் இதுதான் என்றார். உங்கள் மொட்டைமாடித் தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நெருப்பில் உருகாத, உப்புக் காற்றுக்குத் தாங்குகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வால்வு வேறு கடையில் கிடைத்தது. கைப்பிடி பைப்போடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. உனக்குத் தெரியாததா?

ஒன்றுதான் வாங்கினேன். டாங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் லைனுக்கு மட்டும். மிச்ச டீசல் டாங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் இனி வால்வே கிடையாது. மெக்கானிக் கணேசமூர்த்தி ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு லைன்லயும் இருந்தாதான் பாய் லட்சணமா கீது, போன தபாவும் அப்டித்தான போட்டேன்" என்றார். அதனால்தான் இந்தத் தடவை வேண்டாம் என்றேன்.

விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் உன் தம்பி ஜீஷான் இரண்டு வால்வையும் மூடிவிட்டுத்தான் படகிலிருந்து இறங்கியிருக்கிறான். வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் உன் அம்மா காஸ், மோட்டார், குழாய் எல்லாவற்றையும் மூடிவிட்டு, நம்மையும் ஒருமுறை பார்க்கச் சொல்வாள். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறென்ன செய்வான்? ரிட்டர்னை யாரும் மூடுவதில்லை என்பதால், காலையில் நீ டாங்க் வால்வை மட்டும் திறந்து ஸ்டார்ட் செய்தாய். அவனுக்கும் நினைவில்லை. திரும்ப வழியில்லாத டீசல், ஹோஸ் குழாயைப் பிய்த்துக்கொண்டு சூடான இன்ஜின் மேல் அடித்துத் தீப்பிடித்தது. ஜீஷான் அதன் பக்கத்தில் நின்றிருந்தான். நடந்தது இவ்வளவுதான். இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. ஜனாஸா எடுத்து அடக்கிய அன்றும் வரவில்லை. ஷரஃபுதீன் பாய் தைரியசாலி என்கிறார்கள். தைரியமெல்லாம் இல்லை, மரத்துப்போய்விட்டது.

உன் அம்மா இப்போது எதையும் மூடுவதில்லை. அடுப்படிக்குப் போய் நான்தான் காஸை மூடுகிறேன். அவளிடம் ஒன்றும் சொல்வதில்லை.

கபரில் மண் போட்ட கையோடு நீ கிளம்பிவிட்டாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதில் கோபம் இருந்ததா என்று உனக்கே தெரிந்திருக்கும். தொழுகை முடிந்ததும் ஜீஷானுக்காக துஆ கேட்கிறேன், வார்த்தை தடையில்லாமல் வருகிறது. உனக்காகக் கையேந்தினால் நாக்கு எழ மாட்டேன் என்கிறது. உன்னை எதிரில் உட்காரவைத்துப் பார்த்தால் எழும் என்று நினைக்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் தூக்கத்தையும் கொடுப்பானாக. ஜீஷானை அவன் எடுத்துக்கொண்டான். உன்னை எடுக்கவில்லை தல்ஹா. வீட்டுக்கு வந்துவிடு.

உன் அத்தா,
ஷரஃபுதீன்