ஐயா பெயரில் ஏறிய மைல்கள்

ஆவணி 9, செவ்வாய்.

உள்ளங்கையில் தையல். எழுத வலிக்கிறது.

சிங்கப்பூர் போய்வந்த ஒவ்வொரு பயணத்துக்கும் விமானக் கம்பெனி தரும் பரிசு மைல் எத்தனை சேரும் என்று கணக்குப் போட்டு, அம்மாவுக்கு ஓர் இலவச டிக்கெட் தேறும் என்றிருந்தேன். இன்று பார்த்தால் என் உறுப்பினர் எண்ணில் ஒரு மைல்கூட இல்லை. காரைக்குடியில் டிக்கெட் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன், எல்லாவற்றையும் தன் எண்ணில் ஏற்றியிருக்கிறான்.

"ரெண்டு பேருக்கும் நம்ம அப்பாக்களைப் பெத்த ஐயா பேருதானண்ணே, மாறிப்போச்சு" என்றான்.

மாறிப்போன மைலில் பொண்டாட்டியோடு பறந்தும் வந்துவிட்டான். அவன் மேசையில் இருந்த பொம்மை விமானத்தை எடுத்தே அவன் மூக்கை உடைத்தேன். அதன் இறக்கை என் கையையும் கிழித்தது.

ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார்: "அடிச்சவரும் எஸ். கருப்பையா, அடிபட்டவரும் எஸ். கருப்பையா. உங்களை நீங்களே அடிச்சுக்கிட்டீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். மூக்கில் பஞ்சோடு அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்கு இன்னும் அடிக்கவில்லை.