உன் மனைவி என் இல்லத்துக்கு வந்தாள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல் நான் எந்தக் கடிதத்தையும் தொடங்கியதில்லை, இந்த முறை கேட்க மனம் வரவில்லை, ஆனாலும் கை பழக்கத்தில் கேட்டுவிட்டது, அதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

அடி வாங்கி வீட்டைவிட்டு ஓடிவரும் பெண்களுக்காக நான் இந்த இல்லத்தைத் தொடங்கியபோது நீ பள்ளிக்கூடப் பையன், சாயங்காலம் என் ஆபீஸ் மேஜைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன், அதனால் இங்கே என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வருஷம் கூட்டம் தாங்கவில்லை, இரண்டு கட்டில் போடும் அறையில் நாலு பேர் படுக்கிறார்கள், வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளம் எப்போதும் தாமதம், நல்லாப் பேசிப் பழகிய கவுன்சிலர் பெண் அழுதுகொண்டே வேறு வேலைக்குப் போய்விட்டாள். நன்கொடை கேட்டால் ஒரு பெரிய மனுஷர் ஒரு வண்டி நிறைய ஆம்பிளைச் சட்டை அனுப்பிவைத்தார், அதையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றேன். இதெல்லாம் சலிப்புதானே தவிர வலி இல்லை. வலி போன வாரம் போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கியது.

தலை குனிந்திருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. இடது கையில் இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஜீப்புக்குத் திரும்பப் போய், வேற எடமே இல்லையா மேடம் என்று கூட வந்த பெண் போலீஸிடம் கேட்டாள். எல்லா எடமும் நெறஞ்சு கெடக்கும்மா, இது ஒண்ணுதான் என்று அவள் சொன்னாள். அடுத்த மாதம் லீவில் வருகிறேன் என்று நீ போனில் சொன்ன மறுநாள் காலை உன் மனைவி ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். போன மாத லீவில் அவள் தன் போனைத் திறந்து காட்டவில்லை என்று நீ அந்த விரல்களைப் பின்னால் வளைத்தாயாம், அவள் கத்தக் கத்த டிவி சத்தத்தைக் கூட்டினாயாம். அடிப்பவன்களின் அம்மாக்கள் எத்தனை பேர் என் எதிரில் உட்கார்ந்து, எம் பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க என்று சொல்லியிருக்கிறார்கள், ஒருத்திக்குக்கூட நான் இரங்கியதில்லை, உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். அன்றைக்கு வாசலில் நின்ற உன் மனைவியிடம் என் வாயிலிருந்து முதலில் வந்தது அதே வார்த்தைதான். அவள் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் வீட்டுக்கு வந்தவள், நீ லீவில் வந்து போனால் கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கை ஜாக்கெட் போட்டு வந்தவள், இதென்னடி ஃபேஷன் என்று நானே கேலி செய்திருக்கிறேன். இந்த ஒரு மாதமாக உடம்பு சரியில்லை என்று வராமலிருந்தாள், நான் போய்ப் பார்க்கவில்லை. அடி வாங்குகிறவளை அடையாளம் கண்டுபிடிக்க ஊரெல்லாம் போய்ச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

மறுநாளே நிர்வாகக் குழுத் தலைவர் வந்துவிட்டார். ஆண்டு விழா வருது, நிதி குடுக்கறவங்க எல்லாம் வர்றாங்க, பொண்ணை வேற ஊருக்கு அனுப்பிடுங்க, உங்க பையன் பண்ணதுக்கு நம்ம இல்லம் ஏன் சாகணும் என்றார். அவள் இங்கேதான் இருப்பாள் என்று சண்டை போட்டு அவரை அனுப்பினேன், ஜெயித்துவிட்டதாகக்கூட நினைத்தேன். அவர் கார் தெருமுனை தாண்டவில்லை, வார்டன் வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றாள். கூட்டிப் பெருக்க வந்தவளை நான்தான் படிக்கவைத்து வார்டன் ஆக்கினேன். அம்மா, அவங்க ஒரு வாய் சாப்பிடல, நீங்க கட்டடத்துல இருக்கற வரைக்கும் தாழ்ப்பாளைத் தெறக்க மாட்டேங்கறாங்க, வேற யாரோட மாமியாரா இருந்தா நாம கேட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டோமில்ல என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அந்த விதியை எழுதியது யார் என்று அவள் சொல்லிக்காட்டவில்லை, அந்த மட்டும் மரியாதை.

நான் போய் அறைக் கதவைத் தட்டினேன். நான் உன் பக்கம்தான், அவன் வந்தால் நானே போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று சொன்னேன். பிறகு உள்ளேயிருந்து சொன்னாள், நீங்க நல்லவங்கதான் அத்தை, ஆனா உங்க குரல் அவர் குரல் மாதிரியே இருக்கு. கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, கெஞ்சிச் சொன்னாள். சின்ன வயசில் நீ போனை எடுத்தால் நான்தான் பேசுகிறேன் என்று எல்லோரும் ஏமாந்துபோவார்கள், எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா. அதற்குமேல் அந்தக் கதவுக்கு முன்னால் நான் வாயைத் திறக்கவில்லை.

சாவிக்கொத்தை வார்டனிடம் கொடுத்துவிட்டுப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். உடம்பு சரியில்லைன்னு போட்டுக்கலாம் என்று தலைவர் நயமாகச் சொன்னார். எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, என் மகன் தன் மனைவியின் விரலை உடைத்தான், அதனால் போகிறேன் என்று நானே சொன்னேன். சமையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போது இல்லம் இருக்கும் தெருவழியாகக்கூட நான் போவதில்லை, உன் மனைவி ஜன்னல் பக்கம் நிற்கலாம். அவள் சாப்பிடுகிறாள் என்று வார்டன் சொல்லியனுப்பினாள், அதற்குமேல் கேட்காதீங்கம்மா என்றும் சொல்லியனுப்பினாள்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. இருக்கறது ஒரே புள்ளை, ஊரான் பொண்ணுக்காக அவனைத் தூக்கி எறிவியா என்று ஒருமுறை கத்தினார், அதோடு சரி, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய்விடுகிறார். உனக்கு அவர் போன் செய்வார், நான் தடுக்க மாட்டேன். ஆனால் நேற்று நான் ஸ்டேஷனுக்குப் போய் அந்த முழுக்கை ஜாக்கெட்டைப் பற்றியும் விரல் கட்டைப் பற்றியும் நான் பார்த்ததையெல்லாம் வாக்குமூலமாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ லீவில் வந்து இறங்கும்போது உன்னைக் கூட்டிப்போக நான் வரமாட்டேன், வருகிறவர்கள் வருவார்கள்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், மூச்சிரைப்பு மருந்தைப் பையிலேயே வைத்துக்கொள், ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு படு. உன் மனைவிக்குப் போன் செய்யாதே, யாரிடமும் அவளைப் பற்றி விசாரிக்காதே. இது ஆசீர்வாதம் எழுதும் இடம், எழுதுகிறேன். நீ நோய்நொடி இல்லாமல் ரொம்பக் காலம் வாழ வேண்டும், வாழ்கிற காலம் முழுக்க அந்த விரல் முறிந்த சத்தம் உன் காதில் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் உன் அம்மா